தோட்டத்து நாய்க்குக் கொட்டகை: வெயில், மழை, பனி மூன்றையும் தாங்கும்படி அமைப்பது எப்படி?

குன்றத்தூர், சோமங்கலம், மணிமங்கலம், படப்பை சுற்றுவட்டாரத்தில் இன்னும் நெல்லும் காய்கறியும் கீரையும் பயிரிடும் விவசாயிகள் பலர் இருக்கிறார்கள். அவர்களின் தோட்டங்களில் மோட்டாருக்கும் ஒயருக்கும், ஆடு கோழிக்கும், களத்து நெல்லுக்கும் காவல் பெரும்பாலும் ஒரு நாய்தான். மாட்டுக் கொட்டகை போடும்போது திசை பார்க்கிறோம், தரை உயர்த்துகிறோம், கூரைக்கு என்ன போடலாம் என்று நாலு பேரைக் கேட்கிறோம். நாய்க்கு என்று வரும்போது மட்டும், மிச்சமான ஒரு தகரத்தை நாலு செங்கல் மேல் சாய்த்து வைத்துவிட்டு, பக்கத்தில் சங்கிலியில் கட்டிவிடுகிறோம். சித்திரை வெயிலில் அந்தத் தகரத்தடியில் அரை மணி நேரம் நாம் உட்கார முடியுமா என்று யோசித்துப் பாருங்கள்.

நாய் வளர்ப்புப் புத்தகங்களில் காணும் கொட்டகைப் படங்கள் பெரும்பாலும் குளிர் நாடுகளுக்கானவை. நாயின் உடல் சூடு வெளியே போகாமல் அடைத்து வைக்கும் சின்னப் பெட்டி, சின்ன வாசல், இறுக்கமான கூரை. அதை அப்படியே நம் ஊரில் செய்தால் அது அடுப்பாகிவிடும். நம் பகுதியில் நாய்க்கு முதல் எதிரி வெயில், இரண்டாவது எதிரி ஈரம். குளிர் மூன்றாவதுதான். இந்த வரிசையை மனதில் வைத்துக் கட்டினால், ஒரே கொட்டகை பன்னிரண்டு மாதத்துக்கும் போதும்.

நம் பகுதியின் காலநிலை

மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும் அக்னி நட்சத்திரக் காலத்தில் இங்கே பகல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தொடுவதும் தாண்டுவதும் வழக்கம். 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி பதிவானது. கடல் பக்கத்தில் இருப்பதால் காற்றில் ஈரப்பதமும் அதிகம். அந்தப் புழுக்கம் நாய்க்கு வெறும் வெயிலைவிடக் கடுமையானது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் மழை பெய்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல், 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் என்று அதன் பிறகும் நமக்குச் சோதனை ஓயவில்லை.

மார்கழி, தை இரவுகளில் வெப்பம் 20 டிகிரியை ஒட்டி இறங்கும். இது ஆரோக்கியமான பெரிய நாய் தாங்கக்கூடிய குளிர்தான், அதன் உடம்பும் படுக்கையும் காய்ந்திருந்தால். நனைந்த நாய்க்கு இதே குளிர் நோயைக் கொண்டுவரும்.

நாயின் உடல் எப்படி வேலை செய்கிறது?

நமக்கு உடம்பு முழுவதும் வியர்க்கும். நாய்க்கு உள்ளங்கால் பகுதியில் மட்டும்தான் கொஞ்சம் வியர்க்கும். நாக்கைத் தொங்கவிட்டு வேகமாக மூச்சு வாங்கித்தான் அது உடம்பின் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. மூச்சில் ஈரம் ஆவியானால்தான் சூடு தணியும். காற்று நகராத, புழுங்கும் இடத்தில் எவ்வளவு மூச்சு வாங்கினாலும் பயனில்லை. அதனால் நிழல் மட்டும் போதாது, காற்றோட்டமும் வேண்டும்.

நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். நம்மைவிட இரண்டு மூன்று டிகிரி கூடுதல். இது 105-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை போன்ற நம் நாட்டு இனங்களுக்கும் தெரு நாய் வழியில் வந்த நாட்டு நாய்களுக்கும் முடி குட்டையாக இருக்கும். வெயிலை இவை ஓரளவு தாங்கும். ஆனால் வெள்ளை உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட ராஜபாளையம் நாய்களுக்கு நேர் வெயிலில் மூக்கும் காதோரமும் புண்ணாகும். ஜெர்மன் ஷெப்பர்டு, லாப்ரடார் போன்ற அடர்முடி இனங்கள் வெளியில் வளர்க்க ஏற்றவை அல்ல. வளர்த்தால் கோடைப் பகலில் அவற்றை வீட்டு நிழலுக்குள் கொண்டுவர வேண்டும். பக் போன்ற சப்பை மூக்கு இனங்களைத் தோட்டத்தில் கட்டவே கூடாது.

இடம் தேர்வு செய்தல்

கொட்டகை போடும் முன் ஒரு நாள் முழுக்கத் தோட்டத்தைக் கவனியுங்கள். காலை 9 மணி, பகல் 12 மணி, பிற்பகல் 3 மணி ஆகிய மூன்று நேரங்களில் நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்துக் குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். பிற்பகல் நிழல் விழும் இடம்தான் முக்கியம்.

* வேம்பு, புங்கன், மா மரத்தடி நல்லது. புங்க மரம் கோடைத் தொடக்கத்திலேயே புதுத் தழை விட்டு அடர்ந்த நிழல் தரும்.
* தென்னை மரத்தடியில் வைக்காதீர்கள். மட்டையும் காயும் விழும். புயல் காலத்தில் இது பெரிய ஆபத்து.
* முருங்கை மரத்தடியும் வேண்டாம். கிளை எளிதில் முறியும், கம்பளிப்பூச்சியும் கொட்டும்.
* மோட்டார் கொட்டகைச் சுவரை ஒட்டியோ, மின்கம்பத்தின் இழுவைக் கம்பிக்கு அருகிலோ, எர்த் பள்ளத்தின் மேலோ நாயைக் கட்ட வேண்டாம். மழையில் மின்கசிவு ஏற்பட்டால் கட்டிய நாய் தப்ப முடியாது.
* உரமும் பூச்சிமருந்தும் வைக்கும் அறைக்கும் எருக்குழிக்கும் பக்கத்தில் வேண்டாம்.
* மழைத் தண்ணீர் ஓடும் வாய்க்கால் வழியில் வேண்டாம். 2015-லும் 2023-லும் உங்கள் நிலத்தில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று வீட்டாரைக் கேளுங்கள். அந்த மட்டத்துக்கு மேல் உள்ள இடமாகப் பாருங்கள்.

வீட்டிலிருந்து பார்வை படும் தூரத்தில் கொட்டகை இருக்கட்டும். நாய்க்கு மயக்கம் வந்தாலும் பாம்பு வந்தாலும் உடனே உங்கள் கண்ணில் பட வேண்டும்.

எந்தத் திசை பார்த்து வாசல்?

நம் பகுதிக்கு வாசல் தெற்கு அல்லது தென்கிழக்கு பார்த்து இருப்பது நல்லது. இதற்குக் காரணங்கள் உண்டு.

கோடைப் பிற்பகலில் கடல் காற்று தென்கிழக்கிலிருந்து வருகிறது. வாசல் அந்தப் பக்கம் இருந்தால் காற்று நேராக உள்ளே வரும். பருவமழைக் காலத்தில் சாரலும் காற்றும் வடகிழக்கிலிருந்து அடிக்கும். அந்தப் பக்கம் சுவராக இருந்தால் உள்ளே நனையாது.

சூரியனும் இதற்கு உதவுகிறது. சித்திரையில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கும். அதன் பின் ஆடி வரை நண்பகலில் சற்று வடக்கே இருக்கும். அதனால் உச்சி வெயில் தெற்கு வாசல் வழியாக உள்ளே வராது. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்லும். அப்போது அதே வாசல் வழியாக வெயில் உள்ளே விழுந்து படுக்கையைக் காயவைக்கும். கோடையில் வேண்டாத வெயிலைத் தள்ளி, பனிக்காலத்தில் வேண்டிய வெயிலை வாங்கும் வாசல் இது.

மேற்குப் பக்கம் முழுச் சுவராக இருக்கட்டும். அந்தச் சுவரில் பிற்பகல் வெயில் படாமல் அவரை, சுரை, பீர்க்கு ஏதாவது ஒரு கொடியைப் பந்தலில் ஏற்றிவிட்டால் சுவர் சூடாகாது. காயும் கிடைக்கும்.

அளவும் கட்டுமானமும்

ராஜபாளையம் அளவு நாய்க்கு 6 அடி நீளம், 4 அடி அகலம், நடுவில் 4 அடி உயரம் போதும். நடுத்தர நாட்டு நாய்க்கு 5 அடிக்கு 3 அடி போதும். நாய் நிமிர்ந்து நிற்கவும், திரும்பவும், கால்களை நீட்டிப் படுக்கவும் முடிய வேண்டும். வெயிலில் நாய் சுருண்டு படுக்காது, உடம்பைப் பரப்பித்தான் படுக்கும்.

இந்த நீளத்தைப் பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பின் பாதி மூன்று பக்கமும் சுவருள்ள அறை. முன் பாதி கூரை மட்டும் உள்ள திண்ணை. கோடையில் நாய் திண்ணையில் படுக்கும். மழையிலும் பனியிலும் அறைக்குள் போய்விடும். எப்போது எங்கே படுப்பது என்பதை அதுவே முடிவு செய்துகொள்ளும்.

தளம்: சுற்றியுள்ள தரையைவிட குறைந்தது ஒன்றரை அடி உயரம். தண்ணீர் நிற்கும் நிலமானால் இரண்டரை அடி வரை உயர்த்தி, நாய் ஏற இரண்டு படி வையுங்கள். உள்ளே கருங்கல் ஜல்லியும் கிராவலும் போட்டுக் கெட்டித்து, மேலே செங்கல் பரப்பிப் பூசலாம். முன்பக்கம் ஓர் அங்குலம் சரிவு இருந்தால் கழுவிய தண்ணீர் தானாக வடியும். தளத்துக்கு அடியில் பொந்து விடாதீர்கள். எலி குடியேறும், எலியைத் தேடிப் பாம்பு வரும்.

சுவர்: செங்கல், ஹாலோ பிளாக், மண் சுவர் எதுவும் சரி. வடக்கு, மேற்குச் சுவர்களைக் கூரை வரை எழுப்புங்கள். கிழக்குச் சுவரை மேலே முக்கால் அடி விட்டு நிறுத்துங்கள். மேலே ஏறும் சூடான காற்று அந்த இடைவெளி வழியாக வெளியேறும். மழைக்காலத்தில் அந்த இடைவெளியைச் சாக்கால் மறைத்துக்கொள்ளலாம். சுவரில் விரிசல் இல்லாமல் பூசிச் சுண்ணாம்பு அடியுங்கள். வெள்ளைச் சுவர் சூட்டைக் குறைவாக வாங்கும், உண்ணி ஒளிய இடமும் இருக்காது.

கூரை: இதில்தான் வெற்றியும் தோல்வியும். தென்னங்கீற்று அல்லது பனையோலைக் கூரைக்கு இணையாக வேறு எதுவும் இல்லை. ஓலைகளுக்கு இடையே தங்கும் காற்று சூட்டை உள்ளே விடாது. கீற்றை நெருக்கமாக அடுக்கி, மழை நிற்காமல் வழியும்படி நல்ல சரிவு கொடுங்கள். கீற்றை ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிவரும். பனையோலை அதைவிடக் கூடுதலாக உழைக்கும். நாட்டு ஓடும் நல்லது.

ஏற்கெனவே தகரமோ சிமெண்ட் ஷீட்டோ போட்டிருந்தால் பிரித்தெறிய வேண்டாம். அதன் மேல் நான்கு அங்குலக் கனத்துக்குக் கீற்றை அடுக்கிக் கயிற்றால் கட்டிவிடுங்கள். அல்லது ஷீட்டின் மேல் இரண்டு முறை சுண்ணாம்பு அடித்து, உள்ளே ஒரு சாண் இடைவெளி விட்டு மூங்கில் பாயைத் தொங்கவிடுங்கள். கூரை விளிம்பு எல்லாப் பக்கமும் ஒன்றரை அடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும்.

புயலில் கூரை பறக்காமல் இருக்க, சவுக்குக் கழிகளை இரண்டடி ஆழம் நட்டு, வாரையைக் கம்பியால் முறுக்கிக் கட்டுங்கள். ஷீட்டின் மேல் கல்லை மட்டும் வைப்பது ஆபத்து. காற்றில் ஷீட் நழுவினால் கல் உள்ளேதான் விழும்.

கோடைப் பராமரிப்பு

தண்ணீர்தான் முதல் மருந்து. சாதாரண நாளில் நாய்க்கு ஒரு கிலோ எடைக்கு 50 முதல் 60 மில்லி தண்ணீர் தேவை. 20 கிலோ நாய்க்கு ஒரு லிட்டருக்குக் குறையாமல் வேண்டும். கோடையில் இதைப்போல இரண்டு மடங்கு குடிக்கும். அலுமினியச் சட்டி வெயிலில் கொதித்துவிடும். மண் தொட்டியைத் திண்ணை ஓரத்தில் நிழலில், ஈர மணலில் பாதி புதைத்து வையுங்கள். தண்ணீர் குளிர்ந்திருக்கும், நாயும் தட்டிக் கவிழ்க்காது. தினமும் இரண்டு முறை தண்ணீரை மாற்றி, தொட்டியைத் தேய்த்துக் கழுவுங்கள். கொசுவும் பாசியும் சேராது.

கொட்டகைக்குப் பக்கத்து நிழலில் 4 அடிக்கு 3 அடி, ஓர் அடி ஆழத்தில் குழி வெட்டி ஆற்று மணல் நிரப்புங்கள். காலையில் ஒரு குடம் தண்ணீர் தெளித்தால் நாய் பகல் முழுக்க அதில் படுத்துக்கொள்ளும். நாய் மண்ணைத் தோண்டுவது குறும்பு அல்ல, அது குளிர்ச்சியைத் தேடுகிறது. இடம் கொடுத்துவிட்டால் உங்கள் கத்தரிப் பாத்தி தப்பும்.

ஈரச் சாக்கைக் காற்று வரும் பக்கம் மட்டும் தொங்கவிடலாம். நான்கு பக்கமும் தொங்கவிட்டால் உள்ளே புழுக்கம் கூடிவிடும். நாயின் மேல் ஈரத் துணியைப் போர்த்துவதும் தவறு. அது உடல் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கோடையில் காலை 7 மணிக்கு முன்பும் பொழுது சாய்ந்த பிறகும் தீனி கொடுங்கள். உச்சி வெயிலில் ஓடவிடாதீர்கள், டூவீலர் பின்னால் ஓடவிடவே கூடாது. தார் ரோட்டிலோ சிமெண்ட் களத்திலோ நடத்திப் போகும் முன் உங்கள் புறங்கையை அதில் வைத்து ஏழு எண்ணுங்கள். உங்களால் வைத்திருக்க முடியாவிட்டால் அதன் பாதமும் தாங்காது. முடியை மழித்துவிட்டால் குளிர்ச்சி என்று நினைக்க வேண்டாம். முடிதான் தோலை வெயிலிலிருந்து காக்கிறது. சீவி, உதிர்ந்த முடியை எடுத்துவிட்டால் போதும்.

வெப்பத் தாக்கம்: உடனே செய்ய வேண்டியவை

இடைவிடாமல் மூச்சு இரைப்பது, கெட்டியாக எச்சில் ஒழுகுவது, ஈறும் நாக்கும் செக்கச் செவேல் என்று ஆவது, தள்ளாடுவது, வாந்தி, மயக்கம் ஆகியவை அறிகுறிகள். தூங்குகிறது என்று விட்டுவிட்டால் நாய் பிழைக்காது.

1. உடனே நிழலுக்கும் காற்றுக்கும் தூக்கி வாருங்கள். கழுத்துப் பட்டையைக் கழற்றுங்கள்.
2. உடம்பு முழுவதும், முக்கியமாக வயிறு, தொடை இடுக்கு, பாதங்களில் தண்ணீர் ஊற்றுங்கள். வெயிலில் கிடந்த ஓஸ் பைப்பில் முதலில் வரும் தண்ணீர் கொதிக்கும். அதைத் தரையில் விட்டுவிட்டுப் பிறகு பிடியுங்கள்.
3. பனிக்கட்டி தேடி நேரத்தைக் கடத்த வேண்டாம். போர் தண்ணீரே போதும். ஊற்றிக்கொண்டே விசிறுங்கள், மின்விசிறி இருந்தால் வையுங்கள்.
4. தானாகக் குடித்தால் குடிக்கட்டும். மயங்கிய நாயின் வாயில் தண்ணீரைப் புகட்டாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும்.
5. தெர்மாமீட்டர் இருந்தால் ஆசனவாயில் வைத்துப் பாருங்கள். 103 டிகிரிக்கு வந்ததும் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிடுங்கள்.
6. எழுந்து நடந்தாலும் கால்நடை மருத்துவரிடம் கட்டாயம் காட்டுங்கள். சிறுநீரகப் பாதிப்பு மறுநாள்தான் தெரியவரும்.

மழைக்காலப் பராமரிப்பு

புரட்டாசி முடிவதற்குள் கூரையைச் சரிபார்த்துவிடுங்கள். ஒரு குடம் தண்ணீரைக் கூரையில் ஊற்றி உள்ளே ஒழுகுகிறதா என்று பாருங்கள். கொட்டகையைச் சுற்றி ஒரு சாண் அகலத்தில் வடிகால் வெட்டுங்கள். வடக்கு, கிழக்குப் பக்கம் தார்ப்பாய் கட்டலாம். தெற்கு வாசலைத் திறந்தே விடுங்கள். முழுக்க மூடினால் ஈரம் உள்ளேயே தங்கி, தோலில் பூஞ்சை வரும்.

படுக்கையைத் தரையில் போடாதீர்கள். நான்கு அங்குல உயரத்தில் மரப் பலகையோ பழைய கயிற்றுக் கட்டிலோ போட்டு அதன் மேல் சாக்கை விரியுங்கள். இரண்டு சாக்குகள் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிக் காயவையுங்கள். பழைய போர்வையும் புடவையும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு காயாமல் கிடக்கும், மழைக்காலத்தில் அவை வேண்டாம். விரிக்கும் முன் சாக்கை ஒரு முறை உதறுங்கள். தேளும் பூரானும் பாம்புக்குட்டியும் காய்ந்த இடம் தேடி அங்கேதான் வரும்.

எலிக்காய்ச்சல் இந்தக் காலத்தில்தான் பரவும். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் நடந்தாலோ குடித்தாலோ நாய்க்கு வரும். நாயின் சிறுநீர் வழியாக நமக்கும் வரலாம். நாய்க்கு இதற்குத் தடுப்பூசி உண்டு. மழைக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுப் போட்டுவிடுங்கள். தீனித் தட்டை இரவில் வெளியே விடாதீர்கள், எலியை அழைப்பதும் அதுதான்.

வெள்ள எச்சரிக்கை வந்தால் என்ன செய்வது என்பதை இப்போதே முடிவு செய்துவிடுங்கள். செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி. நீர்மட்டம் அதை நெருங்கி உபரி நீர் திறக்கும்போது சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம், வழுதியம்பேடு, திருநீர்மலை மற்றும் அடையாற்றின் இரு கரைத் தாழ்வான பகுதிகளுக்கு அரசு எச்சரிக்கை விடுக்கிறது. அந்த அறிவிப்பு வந்ததும் முதல் வேலையாக நாயை அவிழ்த்துவிடுங்கள். மாடியோ மேட்டு இடமோ இருந்தால் அங்கே கொண்டுபோங்கள். உங்களோடு அழைத்துப்போக வழியே இல்லை என்றாலும் கட்டிப்போட்டு மட்டும் போகாதீர்கள். அவிழ்த்துவிட்ட நாய் நீந்தியாவது மேடு தேடும். சங்கிலியில் கட்டிய நாய்க்குத் தண்ணீர் அதன் கழுத்துக்கு வந்தால் கதை முடிந்தது. கழுத்துப் பட்டையில் உங்கள் போன் எண்ணை எழுதி வைத்தால் நாய் திரும்பக் கிடைக்க வழி உண்டு.

பனிக்காலப் பராமரிப்பு

தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். சிமெண்ட் தரைதான் அந்தக் குளிரை நாயின் உடம்புக்குக் கடத்துகிறது. உயர்த்திய பலகையும் அதன் மேல் ஒரு முழம் காய்ந்த வைக்கோலும் இருந்தால் வேறு எதுவும் தேவையில்லை. நாய் அதற்குள் குழி செய்து சுருண்டு படுக்கும், அதன் உடல் சூடே அறையைச் சூடாக்கிவிடும். வாரம் ஒருமுறை வைக்கோலை மாற்றுங்கள். ஈரமானால் அன்றே மாற்றுங்கள். பழையதை எருக்குழியில் போடலாம். காலை வெயிலில் பலகையைச் சாய்த்துக் காயவையுங்கள்.

வாசலில் பாதியை மறைக்கும்படி ஒரு சாக்கைத் தொங்கவிட்டால் பனிக்காற்று நேராக அடிக்காது. காலைப் பனியில் குளிப்பாட்ட வேண்டாம். குளிப்பாட்டினால் பகல் 11 மணிக்கு மேல் குளிப்பாட்டி, துடைத்து, வெயிலில் காயவிடுங்கள். இரவுக் காவலுக்கு நிற்கும் நாய்க்கு மாலைத் தீனியைக் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள்.

குட்டிகள், வயதான நாய்கள், குட்டி போட்ட தாய் ஆகியவற்றுக்குத் தனிக் கவனம் வேண்டும். பிறந்து இரண்டு மூன்று வாரம் வரை குட்டிகளால் தங்கள் உடல் சூட்டைத் தாங்களே காத்துக்கொள்ள முடியாது. முதல் வாரம் படுக்கையில் 29 முதல் 32 டிகிரி செல்சியஸ் வெப்பம் இருக்க வேண்டும். மார்கழியில் ஈன்றால் ஒரு மூலையில் மட்டும் 60 வாட் குண்டு பல்பைக் கம்பி வலைக் கூண்டுக்குள் மூன்றடி உயரத்தில் தொங்கவிடுங்கள். சூடு அதிகமானால் குட்டிகள் நகர்ந்து போக மறு மூலை இருக்க வேண்டும். ஒயரை நாய் கடிக்காத உயரத்தில் கட்டுங்கள். பல்பும் வைக்கோலும் நெருங்கக் கூடாது. மூடிய கொட்டகைக்குள் கரி அடுப்போ புகை மூட்டமோ வைக்காதீர்கள். அந்தப் புகையின் நச்சு வாயு நாயைத் தூக்கத்திலேயே கொன்றுவிடும்.

உண்ணி ஒழிப்பு: நாயைவிடச் சுவரைப் பாருங்கள்

நாயின் உடம்பில் இரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி கீழே இறங்கி, சுவர் விரிசலிலும் கூரை இடுக்கிலும் ஏறி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய்க்கு மட்டும் மருந்து போட்டால் மறு மாதமே திரும்ப வருவது இதனால்தான். இரத்தம் இல்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கவும் உண்ணியால் முடியும். உண்ணி பரப்பும் காய்ச்சலில் நாய் தீனி எடுக்காமல் மெலிந்து, இரத்தம் வற்றி இறந்துபோகும்.

விரிசல்களைப் பூசி அடையுங்கள். ஆண்டுக்கு இரண்டு முறை, பங்குனியிலும் புரட்டாசியிலும், சுண்ணாம்பு அடியுங்கள். பழைய சாக்கையும் கீற்றையும் எரித்துவிடுங்கள்.

பயிருக்கு வாங்கிய பூச்சிமருந்தை நாயின் மேல் தெளிப்பதோ, தண்ணீரில் கலந்து குளிப்பாட்டுவதோ கூடவே கூடாது. தோல் வழியாக உள்ளே போயும், நக்கியும், நாய் வலிப்பு வந்து இறக்கும். மாட்டுக்கு வாங்கிய ஊசி மருந்தையும் உத்தேசமாகப் போடாதீர்கள். நாய்க்கென்று தனி மருந்தும் எடைக்கேற்ற அளவும் உண்டு. கால்நடை மருந்தகத்தில் கேட்டு வாங்குங்கள்.

சங்கிலியைப் பற்றி

எவ்வளவு நல்ல கொட்டகை கட்டினாலும் மூன்றடிச் சங்கிலி அதை வீணாக்கிவிடும். நிழல் நகரும்போது நாயும் நகர வேண்டும், மழை திசை மாறும்போது அது உள்ளே போக வேண்டும். கட்டித்தான் ஆக வேண்டும் என்றால், இரண்டு கம்பங்களுக்கு இடையே ஆறடி உயரத்தில் 25 அடி நீளத்துக்கு இரும்புக் கம்பி இழுத்து, அதில் வளையம் கோத்து, வளையத்தில் சங்கிலியை மாட்டுங்கள். கம்பியின் ஒரு முனை கொட்டகை வாசலிலும் மறு முனை தண்ணீர்த் தொட்டியைத் தாண்டியும் இருக்கட்டும். சங்கிலி மரத்திலோ கழியிலோ சுற்றிக்கொள்ளாத இடமாகப் பாருங்கள். இரவில் வேலிக்குள் அவிழ்த்துவிடுங்கள். காவலும் அப்போதுதான் நன்றாக நடக்கும்.

சட்டமும் இதைச் சொல்கிறது. 1960-ம் ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவின்படி, மிகக் குட்டையான அல்லது மிகக் கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பது, எப்போதும் கட்டிக் கிடக்கும் நாயை நடமாட விடாமல் இருப்பது, போதிய தீனி, தண்ணீர், தங்குமிடம் தராமல் இருப்பது ஆகியவை குற்றம்.

மாதவாரியாக வேலைகள்

* மாசி, பங்குனி: கீற்று மாற்றுதல், சுண்ணாம்பு அடித்தல், மணல் குழி வெட்டுதல், மேற்குப் பக்கம் கொடி ஏற்றுதல்.
* சித்திரை முதல் ஆனி வரை: தினம் இரண்டு முறை தண்ணீர் மாற்றுதல், மணலை நனைத்தல், உச்சி வெயிலில் கண்காணித்தல்.
* ஆடி, ஆவணி: ஆடிக் காற்றுக்கு முன் கூரைக் கட்டுகளை இறுக்குதல், உண்ணி பார்த்தல், வெறிநோய்த் தடுப்பூசி ஆண்டுக்கு ஒருமுறை போட்டிருக்கிறதா என்று சரிபார்த்தல்.
* புரட்டாசி: ஒழுகல் பார்த்தல், வடிகால் வெட்டுதல், மறுபடி சுண்ணாம்பு, எலிக்காய்ச்சல் தடுப்பூசி.
* ஐப்பசி, கார்த்திகை: சாக்கு மாற்றிக் காயவைத்தல், ஏரி நீர்மட்டச் செய்தியைக் கவனித்தல்.
* மார்கழி, தை: வைக்கோல் படுக்கை, வாசலில் சாக்கு, குட்டிகளுக்குச் சூடு.

யாரிடம் கேட்கலாம்?

முதலில் உங்கள் ஊருக்கு அருகில் உள்ள அரசு கால்நடை மருந்தகத்தை அணுகுங்கள். அவசரத்துக்குக் கால்நடை ஆம்புலன்ஸ் சேவை எண் 1962. அறுவை சிகிச்சை போன்ற பெரிய சிகிச்சைகளுக்கு 1903-ல் தொடங்கப்பட்ட வேப்பேரி சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. கொட்டகை அமைப்பு, கால்நடை வளர்ப்பு பற்றிய ஆலோசனைக்குத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தைக் கேட்கலாம்.

இவற்றில் எதற்கும் பெரிய செலவில்லை. தோட்டத்துக் கீற்று, களத்து வைக்கோல், நாலு சவுக்குக் கழி, ஒரு மூட்டை சுண்ணாம்பு, ஒரு மண் தொட்டி, இரண்டு நாள் வேலை. கட்டி முடித்ததும் ஒரு மே மாதப் பிற்பகலில் கொட்டகைக்குள் கையை நீட்டிப் பாருங்கள். வெளியே இருப்பதைவிட உள்ளே குளிர்ச்சியாக இருந்தால் கொட்டகை சரி. சூடாக இருந்தால் அன்றைக்கே கூரையை மாற்றுங்கள்.